எபிசோட் 37: உள்பக்கம் தாழ் போட்ட அறை

போன ரெண்டு எபிசோடும் ரொம்பக் கனமா போயிடுச்சுன்னு நிறைய பேர் எழுதியிருந்தீங்க. ஒருத்தர் நேராவே கேட்டுட்டார்: "ப்ரோ, நைட் தூங்குறதுக்கு முன்னாடி கேக்குற மாதிரி, ரத்தம் இல்லாத கொலைக் கதை ஏதாவது சொல்லுங்க." ரத்தம் இல்லாத கொலைக் கதை! அவர் தெரிஞ்சு கேட்டாரோ இல்லையோ, அப்படி ஒரு தனி வகையே இருக்கு. கோஸி மிஸ்ட்ரின்னு பேரு. மழை நேரத்துல போர்வைக்குள்ள சுருண்டுக்குற சுகம் இருக்கே, அதுதான் கோஸி.

இந்த வகைக் கதையில் கொலை நடக்கும், ஆனால் நம் கண்முன்னால் நடக்காது. காலையில் காபி கொண்டுபோகும் வேலைக்காரப் பெண் கதவைத் தட்டுவாள், பதில் வராது, அவ்வளவுதான். துப்பறிகிறவர் பெரும்பாலும் போலீஸ் இல்லை. ஸ்வெட்டர் பின்னும் ஒரு பாட்டி, புத்தகக் கடைக்காரர், பேக்கரிக்காரம்மா, இப்படி யாராவது. ஊர் சின்னது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கடைசி அத்தியாயத்தில் அத்தனை பேரையும் ஒரு ஹாலில் உட்கார வைத்து, "நேற்று இரவு பத்து மணிக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும்" என்று ஆரம்பிப்பார்கள். குற்றவாளி எழுந்து நிற்பார். அப்புறம் எல்லோரும் டீ குடிப்பார்கள்.

ஊர் ஒரு மலைமேல இருந்தா இன்னும் வசதி. ஏன்னு யோசிச்சுப் பாருங்க. தாம்பரத்துல ஒரு கொலை நடந்தா சந்தேகப் பட்டியலை எப்படி மூடுவீங்க? பீச்லேர்ந்து வர்ற லோக்கல் டிரெயின் ஒண்ணுலேயே எத்தனை பேர் இறங்குறாங்க. கிளாம்பாக்கத்துக்கு பஸ் ஸ்டாண்டை மாத்தின பிறகும் பெருங்களத்தூர்ல ராத்திரி பன்னெண்டு மணிக்கு நிக்க இடமில்லை. கொலைகாரன் ஒரு பையைத் தூக்கிக்கிட்டு ஜி.எஸ்.டி. ரோட்டுல கை காட்டினான்னா, விடியும்போது திருச்சியில இருப்பான். மலையூர்ல அப்படி முடியாது. ஏற ஒரு ரோடு, இறங்க அதே ரோடு. யார் வந்தாங்க, யார் போனாங்கன்னு டீக்கடைக்காரருக்குத் தெரியும். நம்ம பாஷையில சொன்னா, அது ஒரு க்ளோஸ்டு சிஸ்டம். யூசர் லிஸ்ட் சின்னது, பெர்மிஷன் யார் யாருக்குன்னு தெரியும், லாக் ஃபைல் ஊர் வாயில இருக்கு. நம்ம 'சுழல்' பார்த்திருப்பீங்க. அது கோஸி கிடையாது, நல்லா இருட்டான கதை. ஆனாலும் அந்தக் கற்பனை ஊரை மலைப் பக்கமா வெச்சதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கும்னு நான் நினைக்கிறேன்.

மலையூர்களுக்கு இன்னொரு குணம் உண்டு. அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் அந்த ஊர்க்காரர்கள் இல்லை. உடம்பு தேறவோ, மனசு ஆறவோ, வேறு எதிலிருந்தோ தள்ளியிருக்கவோ வந்தவர்கள். பிரிட்டிஷ்காரர்கள் கட்டிய மலையூர்கள் பலவும் அப்படித்தான் தொடங்கின. முசோரிக்கு மேலே இருக்கும் லாண்டூர், 1820களில் நோயுற்ற வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தேறுவதற்கான இடமாக ஆரம்பித்தது. காற்றுதான் மருந்து என்று நம்பிய காலம் அது. இதுக்கு நம்ம ஏரியாவுலயே ஒரு சாட்சி இருக்கு. தினமும் டிரெயின்ல கடந்து போறோமே, தாம்பரம் சானடோரியம். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோய்க்காரர்களுக்காகத் தொடங்கிய இடம். அதற்கு முன்பு அவர் இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் ஒரு சானடோரியம் நடத்தினார். கணிதமேதை ராமானுஜன் அங்கே நோய்ப்பட்டபோது சில காலம் அதில் இருந்தார். அந்த மனிதர் மெட்ராஸ் பக்கம் இடம் தேடும்போது மலை கிடைக்கவில்லை, தாம்பரம் கிடைத்தது. சரி, நான் மலைக்கே திரும்பறேன்.

இன்னைக்கு நான் சொல்லப்போறது நாவல் இல்லை. நிஜமா நடந்தது. முசோரி, 1911.

முசோரி இன்றைய உத்தராகண்டில், டேராடூனுக்கு மேலே, சுமார் இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டேராடூனுக்கு ரயில் வந்தது 1900-ல். அதற்கு மேலே குதிரை, டோலி, அல்லது சொந்தக் கால். 1902-ல் அங்கே சவாய் ஹோட்டல் திறந்தது. கட்டியவர் லக்னோவில் வக்கீல் தொழில் பார்த்த லிங்கன் என்ற ஐரிஷ்காரர். அந்த ஹோட்டலின் கனமான மேஜை நாற்காலிகளெல்லாம் மாட்டுவண்டியில் மலையேறின.

சிம்லாவுக்கும் முசோரிக்கும் ஒரு வித்தியாசம். சிம்லாவுல வைஸ்ராய் இருந்தார், கவர்ன்மென்ட் இருந்தது, அதனால எல்லாரும் நடந்துக்குறதுல கொஞ்சம் கவனமா இருந்தாங்க. முசோரியில அந்தக் கண்காணிப்பு இல்லை. லோவெல் தாமஸ் என்ற அமெரிக்கப் பயணி எழுதியிருக்கிறார்: சவாய் ஹோட்டலில் விடிவதற்கு முன்னால் ஒரு மணி அடிப்பார்களாம். பக்தர்கள் எழுந்து ஜெபம் செய்ய, மற்றவர்கள் எழுந்து அவரவர் சொந்தப் படுக்கைக்குத் திரும்ப. இதுல எவ்வளவு நிஜம், எவ்வளவு டிராவலர் மசாலான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. ஆனா ஒரு ஊரைப் பத்தி இப்படி ஒரு கதை ஓடுதுன்னாலே அங்க வம்பு எவ்வளவு செழிப்பா விளைஞ்சிருக்கும்னு புரியுது.

அந்த ஹோட்டலில் 1911 சீசனுக்கு வந்து தங்கினார் பிரான்சிஸ் கார்னெட்-ஓர்ம். வயது 49, திருமணமாகாதவர். கல்யாணம் நிச்சயமாகி, நடப்பதற்கு முன்பே மாப்பிள்ளை இறந்துபோனார் என்று இந்த வழக்கைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். இறந்தவர்களோடு பேச முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. இதைக் கேட்டுச் சிரிச்சிடாதீங்க. அந்தக் காலத்துல இது படிச்சவங்க சீரியஸா எடுத்துக்கிட்ட விஷயம். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைச்ச கானன் டாயிலே பிற்காலத்துல ஊர் ஊராப் போய் இதைப் பிரசங்கம் பண்ணினார். நம்ம அடையாறுல 1882-லேயே தியசாபிகல் சொசைட்டி வந்து உக்காந்தாச்சு. அது வேற, ஆவியோட பேசுறது வேற, ஆனா கண்ணுக்குத் தெரியாத உலகத்தைப் பத்தி மாலை நேரத்துல கூடிப் பேசுறது அன்னைக்குக் கௌரவமான பொழுதுபோக்கு.

கூட வந்திருந்தவர் ஈவா மவுண்ட்ஸ்டீஃபன், லக்னோக்காரர். பளிங்கு உருண்டைக்குள் பார்த்துக் குறி சொல்வதில் பேர் பெற்றவர். தோழியா, துணைக்கு இருப்பவரா, குருவா? இந்த மூன்றுக்கும் நடுவில் எங்கோ ஒரு இடம். இருவரும் ஒன்றாகத் தங்கியிருந்தார்கள். பிறகு ஈவா லக்னோவுக்குத் திரும்பிவிட்டார்.

அவர் போன பிறகு, செப்டம்பரில் ஒரு நாள், கார்னெட்-ஓர்ம் தன் அறையில் இறந்து கிடந்தார். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. பரிசோதனையில் தெரிந்தது: பிரஸிக் அமிலம், அதாவது சயனைடு.

இங்க கொஞ்சம் நிறுத்துவோம். பூட்டிய அறைன்னாலே நமக்கு ஒரு கிளுகிளுப்பு வந்துடும். ரகசிய வழி இருக்கா, ஜன்னல் வழியா குரங்கு வந்துச்சா, சாவித் துவாரத்துல நூல் விட்டாங்களான்னு மண்டை ஓட ஆரம்பிக்கும். ஆனா கொலை விஷத்தால நடந்திருந்தா, பூட்டிய அறைங்கறது புதிரே கிடையாது. கொலைகாரர் அந்த ரூமுல இருக்கணும்னு அவசியமே இல்லை. இதை நம்மளைவிட நல்லா யாருக்குப் புரியும்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு க்ரான் ஜாப் போட்டுட்டு லாக்-அவுட் பண்ணிட்டுப் போறோம். அது ஞாயித்துக்கிழமை ராத்திரி மூணு மணிக்கு ஓடுது. சர்வர் விழும்போது நாம வீட்டுல தூங்கிட்டிருக்கோம். "அந்த நேரத்துல நான் ஆபீஸ்லயே இல்லையே"ன்னு சொல்றது ஒரு பதிலே கிடையாது.

போலீஸ் வைத்த வாதம் ஏறக்குறைய இதுதான். கார்னெட்-ஓர்ம் வயிற்றுக்கோளாறுக்குச் சோடா உப்பு சாப்பிடுகிறவர். அந்தச் சோடா உப்பில் ஈவா விஷத்தைக் கலந்து வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். என்றைக்கோ ஒரு நாள் அவர் தானே கதவைத் தாழிட்டுக்கொண்டு, தானே எடுத்துச் சாப்பிட்டார். உயிலில் ஈவாவுக்குப் பணம் எழுதப்பட்டிருந்தது. ஆக வாய்ப்பு இருக்கிறது, காரணம் இருக்கிறது. லக்னோ போன ஈவாவைக் கைது செய்தார்கள். வழக்கு அலகாபாத்தில் நடந்தது. நாடு முழுக்கப் பத்திரிகைகள் எழுதின.

எதிர்த்தரப்பு சொன்னது தற்கொலை. நிச்சயித்தவரை இழந்த துக்கம், தேறாத உடம்பு, மலையூரில் தனிமை. விஷமும் எங்கிருந்தோ கடத்தி வரவேண்டிய பொருள் இல்லை. அன்றைக்கு நீர்த்த பிரஸிக் அமிலம் மருந்துக்கடையில் மருந்தாகவே இருந்தது. போட்டோ கழுவும் வேலைக்கும் சயனைடு வகைகளைப் பயன்படுத்தினார்கள். உள்ளே தாழிட்ட அந்தக் கதவு இரண்டு பக்கமும் பேசியது. கொலை என்றால் கொலைக்குப் பொருந்தும், தற்கொலை என்றால் தற்கொலைக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும்.

1912-ல் ஈவா விடுதலையானார். அந்தப் பெண் எந்தச் சூழ்நிலையில் இறந்தார் என்கிற உண்மை அநேகமாக ஒருபோதும் தெரியவராது என்ற பொருளில் நீதிமன்றம் சொன்னது.

இதோட முடியல. விடுதலையான ஈவா, தோழியின் உயிலை நிறைவேற்றித் தரச் சொல்லி நீதிமன்றம் போனார். அது மறுக்கப்பட்டது. பளிங்குக் குறியையும் ஆவி நம்பிக்கையையும் வைத்து அந்த அம்மாவின் மனதைத் தன் பக்கம் வளைத்துவிட்டார் என்பது காரணம். இதை நெட்ல எழுதுற பலர், "பாத்தீங்களா, அப்போ கொலையும் அவதான் பண்ணியிருக்கா"ன்னு முடிச்சிடுறாங்க. சட்டம் அப்படி வேலை செய்யறதில்லை. கிரிமினல் வழக்குல நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும். உயில் வழக்குல அவ்வளவு உயரமான தடை கிடையாது, அதோட கேள்வியே வேற. ஒருத்தர் பேராசைக்காரரா இருக்கலாம், கூட இருந்தவங்க பலவீனத்தைப் பயன்படுத்திக்கிட்டிருக்கலாம், ஆனா கொலை பண்ணாம இருக்கலாம். மூணும் ஒரே ஆள்கிட்ட பொருந்தும்.

இப்ப கதைக்குள்ள கதை. இந்த வழக்கைப் பற்றி ருட்யார்ட் கிப்ளிங் தன் நண்பர் கானன் டாயிலுக்கு எழுதினார். ஒருவர் மனதில் ஒரு எண்ணத்தை விதைத்தே கொல்ல முடியுமா என்பதுதான் அவரைக் கவர்ந்தது. டாயில் அதை ஷெர்லாக் கதையாக எழுதவில்லை. ஆனால் முசோரிக்காரர்கள் விடவில்லை. அந்தச் சங்கதி டாயிலிடமிருந்து அகதா கிறிஸ்டிக்குப் போனது, அவருடைய முதல் நாவலே அதிலிருந்து பிறந்தது என்று அங்கே சொல்கிறார்கள். லாண்டூரில் வாழும் ரஸ்கின் பாண்ட் இந்த வழக்கை எழுதியதில் நாடு முழுக்கப் பரவியது.

அந்த முதல் நாவல் 'ஸ்டைல்ஸ் மர்மம்'. 1920-ல் அமெரிக்காவிலும், 1921 ஜனவரியில் இங்கிலாந்திலும் வந்தது. எர்க்யூல் பொய்ரோ அறிமுகமாகும் புத்தகம். கிறிஸ்டி தன் சுயசரிதையில் அதற்குச் சொல்லும் ஊற்றுகள் வேறு. முதல் உலகப்போரின்போது டார்க்கீ ஊர் மருத்துவமனையில் மருந்து கலக்கும் வேலை, சுற்றிலும் விஷப் பாட்டில்கள், ஊரில் வந்து தங்கிய பெல்ஜிய அகதிகள். முசோரி அதில் இல்லை. அதனால 'கிறிஸ்டி சுட்ட கதை'ன்னு நான் சொல்லப்போறதில்லை. ஆனா ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்குறதுக்குத் தடை இல்லையே.

ஸ்பாய்லர் வருது. புத்தகம் வந்து நூறு வருஷம் தாண்டியாச்சு, இருந்தாலும் படிக்கணும்னு நினைக்கிறவங்க ரெண்டு நிமிஷம் தள்ளி விட்டுடுங்க.

நாவலில் எமிலி என்ற பணக்கார அம்மா விஷத்தால் இறக்கிறார். அறைக்கதவுகள் எல்லாம் உள்ளே தாழ். விஷம் ஸ்ட்ரிக்னின். அவர் தினமும் குடிக்கும் டானிக்கிலேயே அது கொஞ்சம் உண்டு. அதில் புரோமைடு பொடியைப் போட்டால், கரைந்திருக்கும் ஸ்ட்ரிக்னின் பாட்டில் அடியில் படியும். அத்தனை விஷமும் கடைசி வேளை மருந்தில் வந்து சேரும். பாட்டிலில் இன்னும் எத்தனை வேளை பாக்கி என்று கணக்குப் போட்டுவிட்டு, கொலைகாரர் வேறு ஊரில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். அதே க்ரான் ஜாப்! மருந்து கலக்கிப் பழகியவரால்தான் இப்படி ஒரு கொலையை யோசிக்க முடியும். ஒரு மருந்தியல் பத்திரிகை இந்த நாவலைப் பாராட்டி விமர்சனம் எழுதியது.

குற்றவாளிகள் இருவர். ஒருவர் கணவர். இன்னொருவர் அந்த அம்மாவுக்குத் துணையாக வீட்டில் இருந்த பெண். சண்டை போட்டுக்கொண்டு, கொலைக்கு முன்பே வீட்டை விட்டுப் போனவர். பெயர் ஈவ்லின். வீட்டில் கூப்பிடுவது ஈவி.

துணைக்கு இருந்த பெண், முன்பே ஊருக்குப் போனவர், பெயர் ஈவி. தற்செயலாகவே இருக்கட்டும், எனக்குப் படிக்கும்போது முதுகில் சில்லென்றது. அதைவிட என்னை யோசிக்க வைத்தது கணவரின் திட்டம். சந்தேகத்தை அவரே தன்மேல் இழுத்துக்கொள்கிறார். சீக்கிரமே கைதாகி, வழக்கு நடந்து, கையில் வைத்திருக்கும் சாட்சியத்தைக் காட்டி விடுதலையாகிவிட வேண்டும். ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டாம் முறை விசாரிக்க முடியாதே. ஆக நாவலில் விடுதலை என்பது கொலைகாரன் போடும் ஒரு தந்திரம். முசோரி வழக்கில் விடுதலை என்பது, நிரூபிக்க முடியவில்லை என்று ஒரு நீதிமன்றம் நேர்மையாகச் சொன்னது. கற்பனை, தான் உருவாக்கிய ஈவியைத் தூக்கிலேற்றும் அளவுக்கு உறுதியாக இருக்கலாம். பொய்ரோவுக்கு எல்லாம் தெரியும், ஏன்னா கிறிஸ்டிக்கு எல்லாம் தெரியும். லக்னோ ஈவாவைப் பத்தி அப்படித் தெரிஞ்சவங்க யாருமே இல்லை.

ஸ்பாய்லர் முடிஞ்சது, திரும்ப வரலாம். மேலே பறக்குறது விமானப்படை பயிற்சி விமானம். சேலையூர்ல ரெக்கார்ட் பண்றவனுக்கு இது தினசரி விதி.

கோஸி கதைகள்ல எனக்குப் பிடிச்ச ஆள் மிஸ் மார்ப்பிள். 1930-ல் முதல் நாவலில் வருகிறார். செயின்ட் மேரி மீட் என்ற குட்டிக் கிராமத்தில் வாழும் பாட்டி. அவருடைய ஆயுதம் ஒன்றே ஒன்று: வம்பு. யார் வீட்டு வேலைக்காரி எப்போது நின்றாள், யார் கடையில் என்ன வாங்கினார்கள், யார் ஜன்னலில் எத்தனை மணிக்கு விளக்கு எரிந்தது. நம்ம தெருவுல வாசல் திண்ணையில உக்காந்திருக்குற ஆயாவோட டேட்டாபேஸ் இருக்கே, அதேதான். நமக்கு அந்த வம்பு இனிக்குது. ஏன்னா கடைசிப் பக்கத்துல அது சரியான ஆளைப் போய்த் தொட்டுடும். நடுவுல பத்து பேர்மேல சந்தேகம் விழும், ஆனா புத்தகம் முடியும்போது ஒன்பது பேரும் கழுவித் தொடைச்ச மாதிரி வெளிய வந்துடுவாங்க.

எங்க ஏரியாவுல ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நடந்த ஒண்ணைச் சொல்றேன். பேர், அபார்ட்மென்ட் எதுவும் சொல்ல மாட்டேன். எழுபது தாண்டின ஒரு ஆன்ட்டி தனியா இருந்தாங்க. பசங்க வெளிநாட்டுல. கூட இருந்து பாத்துக்க ஒரு அக்கா, திண்டிவனம் பக்கம் ஊர். மாத்திரை குடுக்குறது, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறது, ராத்திரி கால் புடிச்சு விடுறது எல்லாம் அவங்கதான். ஊர்ல அம்மன் கோயில் கூழ் ஊத்துறாங்கன்னு மூணு நாள் லீவு சொல்லிட்டுப் போனாங்க. ரெண்டாவது நாள் காலையில பால் பாக்கெட் வாசல்லயே கிடந்துச்சு. கதவு உள்பக்கம் தாழ். ஆளை வெச்சு உடைச்சுத் திறந்தாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க. டாக்டர் வந்து பாத்துட்டு ஹார்ட்னு எழுதிக் குடுத்தார். சர்க்கரை, பி.பி. எல்லாமே பல வருஷமா இருந்தது.

மறுநாள் சாயங்காலம், ஆன்ட்டி போட்டிருக்குற நாலு வளையலைக் காணோம்னு பேச்சு வந்துச்சு. அவ்வளவுதான், வாட்ஸ்அப் குரூப் செயின்ட் மேரி மீட் ஆயிடுச்சு. "அவ ஊருக்குப் போன டைமிங்கைப் பாருங்க." "போன வாரம் மெடிக்கல் ஷாப்ல நிக்கிறதைப் பாத்தேன்." மாத்திரை வாங்குறதுதான் அவங்க வேலையே, வேற எங்க நிப்பாங்க? லிஃப்ட் கேமராவுல அவங்க பையோட இறங்குற பத்து செகண்ட் வீடியோவை ஒருத்தர் போட்டார். ஊருக்குப் போறவங்க கையில பை இருக்கும். ஆனா அந்த வீடியோவை நாற்பது தடவை பாத்தா, பை பெருசாகிட்டே போகும். கருமாதிக்கு அழுதுக்கிட்டே வந்த அக்காவை கேட்லயே நிறுத்தி செக்யூரிட்டி பையைத் திறந்து பாத்தார். உள்ள கதம்பமும் ஒரு தூக்குல கூழும் இருந்துச்சு. ஆன்ட்டிக்குப் பிடிக்கும்னு எடுத்துட்டு வந்தாங்களாம்.

ஒரு மாசம் கழிச்சு பையன் வந்து பேங்க் லாக்கரைத் திறந்தார். நாலு வளையலும் அங்க இருந்துச்சு. குரூப்ல அதை எழுதினார். ரெண்டு தம்ஸ் அப் வந்துச்சு. அதுக்கு அடுத்த மெசேஜ் தண்ணி லாரி எப்ப வரும்னு. அதுக்குள்ள அந்த அக்காவுக்கு இந்தப் பக்கம் வேலை கிடைக்காம போய், பேச்சு மேடவாக்கம் வரைக்கும் பரவி, அவங்க ஊருக்கே போயிட்டாங்க. எங்க அம்மா மட்டும் இன்னும் போன்ல பேசுவாங்க.

இந்தக் கதையில் டாக்டர் இருந்தார், லாக்கர் இருந்தது, பதில் கிடைத்தது. கிடைத்தும் அந்த அக்காவுக்கு அது போய்ச் சேரவில்லை. முசோரி ஈவாவுக்கு லாக்கரும் இல்லை. விடுதலை என்ற ஒரு காகிதம் மட்டும்.

அதனாலதான் இந்த வழக்கை மத்தவங்க சொல்ற விதத்தைப் பாத்தா எனக்கு ஒரு மாதிரி இருக்கு. யூடியூப்ல தேடிப் பாருங்க. சவாய் ஹோட்டல் வராந்தாவுல கார்னெட்-ஓர்மோட ஆவி இன்னும் தன்னைக் கொன்னவரைத் தேடி நடக்குதுன்னு பயமுறுத்துற மியூசிக்கோட சொல்வாங்க. தேடுதுன்னா கொன்னவர் ஒருத்தர் இருக்காருன்னு ஆகுது. ஒரே வரியில தற்கொலை வாய்ப்பை அழிச்சாச்சு. துக்கத்தோட தனியா இருந்த 49 வயசுப் பெண்ணோட கடைசி வருஷங்களையும் அழிச்சாச்சு. மிச்சம் இருக்குறது வெள்ளை கவுன் போட்ட ஒரு உருவம். தம்னெயில்ல ஈவாவுக்குக் கண்ணு சிவப்பா வரைஞ்சிருப்பாங்க.

இன்னொண்ணும் கவனிச்சேன். நான் படித்த எந்த விவரிப்பிலும் அந்த ஹோட்டலில் வேலை செய்த இந்தியர் ஒருவரின் பெயர் கூட இல்லை. அறையைப் பெருக்கியவர், வெந்நீர் தூக்கியவர், டோலி சுமந்தவர். ஒரு மலையூரின் லாக் ஃபைல் யாரிடம் இருக்கும் என்று முதலில் சொன்னேன் இல்லையா? அந்த அம்மா கடைசி நாட்களில் சாப்பிட்டாரா, தூங்கினாரா, அழுதாரா என்பது அவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும். கோஸி கதைகளிலும் இதே பழக்கம் உண்டு. காபியோடு கதவைத் தட்டி அலறும் பெண்ணுக்கு முதல் அத்தியாயத்தோடு வேலை முடிந்துவிடும்.

இதையெல்லாம் சொல்றதால கோஸி படிக்காதீங்கன்னு அர்த்தமில்லை. நான் வருஷத்துக்கு இருபதாவது படிப்பேன். சோழிங்கநல்லூர்லேர்ந்து வீடு வர்ற ஆபீஸ் கேப்ல அதுதான் எனக்குத் துணை. இந்த வகையில் முதலில் எதைப் படிக்கலாம் என்று கேட்டால் கிறிஸ்டியின் 'சிட்டாஃபோர்ட் மர்மம்' சொல்வேன். 1931-ல் வந்தது. பனி மூடிய மேட்டுநிலத்து ஊர், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆவியைக் கூப்பிடுகிறார்கள், மேஜை ஆடி ஒருவர் கொல்லப்பட்டார் என்று சொல்கிறது, போய்ப் பார்த்தால் நிஜமாகவே செத்துக் கிடக்கிறார். முசோரியைக் கேட்ட கையோடு படித்தால் வேறு ருசி. இதுக்கு ஸ்பாய்லர் தரமாட்டேன், கவலைப்படாதீங்க.

நம்ம தமிழ்ல கோஸி இருக்கான்னு கேட்டா, தேவனோட 'துப்பறியும் சாம்பு'தான் என் ஓட்டு. பேங்க் குமாஸ்தா, அசடு, எதையோ பண்ணப்போய் எதையோ கண்டுபிடிச்சிடுவார். தனக்கே தெரியாம ஜெயிக்குற ஒரு துப்பறிவாளர்! பொய்ரோவோட மீசைத் திமிருக்கு நேர் எதிர். அவரைப் பத்தி அடுத்த வாரம் முழு எபிசோடே போடப்போறோம். சாம்புவோட மனைவி வேம்புவைப் பத்தி எங்க அம்மாவுக்கு நிறைய கருத்து இருக்கு. அவங்களையே மைக் முன்னாடி உக்கார வெக்கலாம்னு பாக்குறேன், ஒத்துக்கிட்டா.

டிரெயின்ல கேட்டுக்கிட்டு வர்றவங்க ஒரு தடவை வெளிய பாத்துக்கோங்க. சானடோரியம் தாண்டியாச்சுன்னா, அடுத்தது இறங்கணும்.